போட்டால் எடுக்க முடியாதா? வென்டிலேட்டர் குறித்து மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐசியு வாசலில் சம்மதப் படிவத்தை நீட்டியதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் நோயைப் பற்றியதாக இருப்பதில்லை. "மிஷின்ல போட்டா அப்புறம் எடுக்கவே முடியாதாமே?" என்றுதான் கேட்கிறார்கள். தெருவில் யாரோ ஒரு பெரியவர் இருபது நாள் ட்யூபோடு கிடந்த கதையும் கூடவே வரும். படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பும்.

உடலெங்கும் பரவிய புற்றுநோயோடு வந்த 80 வயதுக்காரருக்கு அப்படி மறுத்தால் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் இதே பயத்தில், பூச்சிமருந்து குடித்த 25 வயதுக்காரருக்கும், கட்டுவிரியன் கடித்தவருக்கும், குய்லன் பாரே நோயில் கைகால் விழுந்தவருக்கும் "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் மூச்சுத் தசை வேலைநிறுத்தம் செய்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டுவிரியன் கடிக்குச் சில நாள், பூச்சிமருந்துக்கு இரண்டு மூன்று வாரம், குய்லன் பாரேவுக்கு இன்னும் சில வாரம் இயந்திரம் மூச்சு வாங்கிக் கொடுத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகக்கூடியவர்கள். எடுப்பதற்கு ஒழுங்கான வழி இல்லாத ஊரில் போடுவதற்கும் சம்மதம் கிடைக்காது. நாங்கள் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்கு வேண்டிய நடைமுறை.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2011இல், பல்லாண்டு நினைவின்றிக் கிடந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் உயர் நீதிமன்ற அனுமதி பெற்று உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் உயிர்வாழும் உரிமை தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்றது. ஆனால் அதற்கு வைத்த நடைமுறையில் மாவட்ட ஆட்சியர் குழு அமைக்க வேண்டும், நீதித்துறை நடுவர் கட்டிலருகே வந்து பார்க்க வேண்டும். ஐசியுவில் கிடப்பவர் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் மீண்டும் நீதிமன்றத்தை அணுகியதன் பேரில் 2023 ஜனவரி 24 அன்று நடைமுறை எளிதாக்கப்பட்டது.

இப்போதுள்ளபடி, சிகிச்சை தரும் மருத்துவரும் அத்துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் முதல்நிலைக் குழு. அவர்கள் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தோடு விலக்கலாம் என்று அவர்கள் முடிவெடுத்தால், மருத்துவமனை இரண்டாம்நிலைக் குழுவைக் கூட்டும். அதில் மாவட்டத்தின் 'சீஃப் மெடிக்கல் ஆபீசர்' நியமிக்கும் ஒரு மருத்துவரும், முதல் குழுவில் இல்லாத இரு நிபுணர்களும் இருக்க வேண்டும். அவர்களுக்கும் 48 மணி நேரம். பிறகு நடுவருக்குத் தகவல். எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே உயில் எழுதி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இரு குழுக்களும் கட்டாயம்.

முதல் சிக்கல் அந்தப் பதவிப் பெயரிலேயே இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் 'சி.எம்.ஓ.' என்றால் கேஷுவாலிட்டியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் என்றுதான் வார்டு பாய்க்கும் தெரியும். மாவட்ட அளவில் இருப்பவர்கள் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சுகாதார அலுவலர், மருத்துவக் கல்லூரி முதல்வர் ஆகியோர். தீர்ப்பு சொல்வது இவர்களில் யாரை? கோட்டையில் எந்தக் கோப்பு எங்கே நகர்கிறது என்பது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை இரவுப் பணியில் இருக்கும் மருத்துவரின் கையில் ஒரு பெயரும் ஒரு கைபேசி எண்ணும் இருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. அது இல்லாத வரை தீர்ப்பு அவருக்கு வெறும் காகிதம்.

ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக நியமனம் கேட்டு எழுதுவதும் நடக்காத காரியம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு நிலையான பட்டியல் வேண்டும். கர்நாடகம் 2025 ஜனவரி 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி காட்டுகிறது. உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் மூளைச்சாவைச் சான்றளிக்க அங்கீகாரம் பெற்ற நரம்பியல், மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர்களையே இந்தப் பணிக்கும் நியமிக்கலாம் என்கிறது அது. மூளைச்சாவுச் சான்றளிப்பில் நாட்டுக்கே முன்னோடியான மாநிலம் நம்முடையது. புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை, பட்டியலை வெளியிட்டாலே போதும். சிறிய மாவட்டங்களில் தனியாகத் தீவிர சிகிச்சை நிபுணர் கிடைக்கமாட்டார். அங்கே ஐசியுவை நடத்தும் மயக்கவியல் மருத்துவரையும் பொது மருத்துவரையும் 'துறை நிபுணர்' என்று ஏற்கலாம் என்று அரசாணையில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் பல இடங்களில் குழுவே கூடாது.

நடுவருக்குப் போவது தகவல் மட்டுமே. அனுமதி கேட்கும் மனு அல்ல. இது புரியாமல் பதில் வரட்டும் என்று நாள்கணக்கில் காத்திருப்பார்கள். ஒரு பக்கப் படிவம், அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரி, அனுப்பிய நேரத்தைக் கோப்பில் குறித்தால் போதும் என்ற விளக்கம், இந்த மூன்றும் வேண்டும்.

இது எதுவும் இல்லாதபோது என்ன நடக்கிறது? "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம்." கோப்பில் 'மருத்துவ ஆலோசனைக்கு எதிராக' என்று பதிவாகும். ட்யூபை எடுக்காமல், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை உறவினர் கையில் கொடுத்து, ஆம்புலன்சில் ஒரு பி டைப் சிலிண்டரோடு அனுப்புவார்கள். அதில் இருப்பது சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம் வரும். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு அப்பால் உள்ள கிராமம் என்றால் பயணமே நாலு மணி நேரம். செஞ்சியைத் தாண்டும் முன்பே சிலிண்டர் தீர்ந்துவிடும். வலிக்கோ மூச்சுத்திணறலுக்கோ மருந்து கிடையாது. தாமாகவே ட்யூபை உருவ வேண்டிய நிலை மகனுக்கு வரும். காவல் துறையும் இறப்புச் சான்றும் அதற்குப் பிந்தைய தலைவலி.

விலக்கும் நடைமுறை தளர்ந்தால் சொத்துக்காகத் தகப்பனைக் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சுவோர் இதை யோசிக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போகும் இன்றைய வழியில் இரண்டாவது கருத்து கிடையாது, ஆவணம் கிடையாது, யாரும் ஒரு கேள்வி கேட்பதுமில்லை. ஒரு கையெழுத்து போதும். இரு குழு நடைமுறையில்தான் ஆறு மருத்துவர்கள் கோப்பைப் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியைப் படிவத்திலேயே அச்சிடுங்கள்: "பணம் இல்லாததால் இந்த முடிவா?" ஆம் என்றால், அது குணமாகக்கூடிய நோய் என்றால், விலக்கும் பேச்சே எழக்கூடாது. அரசு மருத்துவமனை ஐசியுவில் கட்டில் தேடித் தருவதுதான் அங்கே செய்ய வேண்டியது. பணப் பிரச்சினையையும் பயனற்ற சிகிச்சையையும் ஒரே உறையில் போட்டு ஒட்டுவது இப்போது நடக்கும் பெரிய பிழை.

முதல்நிலைக் குழு கூடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. கட்டுவிரியன் நஞ்சு ஏறியவருக்குக் கண்பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும், கைகால் துவண்டிருக்கும், இருமல் கூட வராது. பார்த்தால் மூளைச்சாவு போலவே இருக்கும். உள்ளே முழு நினைவோடு கேட்டுக்கொண்டிருப்பார். பூச்சிமருந்துக்கு மாற்று மருந்தான அட்ரோபின் கொடுத்திருந்தால் கண்பாவையை வைத்து எதையும் சொல்ல முடியாது. மிடசோலம் என்ற மயக்க மருந்து சொட்டாக ஓடியவருக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகியிருந்தால், நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் மயக்கம் தெளியாது. இதயம் நின்று மீண்டவர்களுக்கு 72 மணி நேரம் ஆகும் முன் மூளையின் எதிர்காலத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதன் பிறகும் ஒரே ஓர் அறிகுறியை நம்பக் கூடாது. கண்பாவை, கருவிழி அனிச்சை இரண்டும் இல்லாமை, மூளையின் மின்னலை வரைபடம் (இஇஜி), ஸ்கேன் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒரே திசையைக் காட்ட வேண்டும். விஷக்கடி, விஷம், மயக்க மருந்து, உடல் வெப்பக் குறைவு, உப்புச்சத்துக் கோளாறு இவை இல்லை என்று எழுதாத கோப்பை இரண்டாம்நிலைக் குழு தொடவே வேண்டாம்.

ஆனால் பேச்சு அங்கிருந்து தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ட்யூப் போடும் நாளிலேயே எடுக்கும் நாளையும் பேசிவிட வேண்டும். இதைக் காலவரம்புள்ள முயற்சி என்கிறோம். உதாரணமாக, பல வருடம் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வீட்டிலேயே ஆக்சிஜனில் இருந்த 75 வயதுக்காரருக்கு நிமோனியா. "5 நாள் மிஷினில் வைக்கிறோம். இப்போது 80 சதவீத ஆக்சிஜன் தேவைப்படுகிறது. அது 50க்குக் கீழே வர வேண்டும், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலின் மருந்து குறைய வேண்டும், சிறுநீர் போக வேண்டும். இரண்டாவது நாள் ஒரு முறை பேசுவோம், ஐந்தாவது நாள் உட்கார்ந்து முடிவெடுப்போம்." இப்படிச் சொன்னால் "எடுக்க முடியாதாமே" என்ற கேள்விக்கே இடமில்லை. பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் வரம்பு இன்னும் நீளம். பூச்சிமருந்துக்கும் பாம்புக்கடிக்கும் வரம்பே வைக்க வேண்டாம். இந்த உரையாடலுக்கென்று கேஸ் ஷீட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதியோடு கையெழுத்து வாங்கும் வழக்கத்தை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கொண்டு வர ஒரு சுற்றறிக்கை போதும். செலவு ஒரு தாள்.

பேசும் சொற்களிலும் கவனம் வேண்டும். "நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டால், அப்பாவைக் கொல்லட்டுமா என்றுதான் மகனின் காதில் விழும். "எல்லாம் பண்ணணுமா?" என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? "அப்பா எழுந்து உட்கார்ந்து இதைப் பார்த்தா என்ன சொல்வார்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். நம் குடும்பங்களில் பேசுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். மச்சான் முன்னே நின்று பேசுவார், மனைவி சுவரோரம் நிற்பார். படிவத்தில் மனைவியின் கையெழுத்தும் சொல்லும் தனியே பதியட்டும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் வரும்வரை காத்திருப்பது நியாயம். ஆனால் விமானம் எந்த நாள் என்று கேட்டு அந்த நாளையும் எழுதி வையுங்கள். இன்னொன்று: துறையின் எந்தத் தாளிலும் 'கருணைக்கொலை' என்ற சொல் வர வேண்டாம். ஊசி போட்டு உயிரைப் பறிப்பது வேறு, பயன் தராத இயந்திரத்தை விலக்கி நோய் தன் வழியில் போக விடுவது வேறு. பத்திரிகைகள் இரண்டையும் குழப்புவது போதும்.

இனி விலக்கும் முறை. இதைத் தெளிவாக எழுதி வைக்காததால்தான் கோரங்கள் நடக்கின்றன. தசை தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி, விளைவு முழுவதும் போன பிறகே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் படும் பாடு முகத்தில் தெரியாது, மருந்தளவும் தெரியாது. மூக்குக்குழாய் உணவைச் சில மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். சளி கொரகொரப்பதைத் தடுக்க கிளைக்கோபைரோலேட் 0.2 முதல் 0.4 மி.கி., அரை மணி முன்பே. ட்யூபை எடுத்த பிறகு கொடுத்தால் ஏற்கெனவே சேர்ந்த சளிக்கு அது உதவாது. அதன்பின் மார்ஃபின் 2 முதல் 5 மி.கி. நரம்பு வழியாக, தேவைப்பட்டால் மிடசோலம் 1 முதல் 2 மி.கி. மூச்சு எண்ணிக்கை, நெற்றிச் சுருக்கம், கழுத்துத் தசை இழுப்பு ஆகியவற்றைப் பார்த்து 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுத்து, பிறகு சொட்டு. ஏற்கெனவே இந்த மருந்துகள் ஓடுபவர்களுக்கு இதைவிடக் கூடுதல் தேவைப்படும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினுக்குப் பதில் ஃபெண்டனில். மருந்தின் நோக்கம் திணறலை ஆற்றுவது. அறிகுறியைப் பார்த்துக் கொடுத்தோம் என்று ஒவ்வொரு வேளைக்கும் காரணம் எழுதினால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

திணறல் ஆறிய பிறகு ஆக்சிஜனை 21 சதவீதத்துக்கும், மூச்சு விட்ட பிறகும் இயந்திரம் நுரையீரலில் தக்கவைக்கும் அழுத்தமான பீப்பை 5க்கும் இறக்க வேண்டும். திணறல் தலைகாட்டினால் அங்கேயே நின்று மருந்தைக் கூட்ட வேண்டும். அமைதியாக இருந்தால் ட்யூபை எடுக்கலாம். நாக்கு வீங்கியிருந்தாலோ ரத்தம் வடிந்தாலோ ட்யூபை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் கழற்றலாம். நார்அட்ரினலின், டயாலிசிஸ், ஆன்டிபயாடிக், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதே வேளையில் நிற்க வேண்டும். பயத்தில் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக நிறுத்தி மூன்று நாள் இழுப்பது யாருக்கும் நல்லதல்ல. மானிட்டர் திரையை அணைத்துவிடுங்கள். குடும்பம் முகத்தைப் பார்க்காமல் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். உடலுக்குள், இதயத்துடிப்பு தவறினால் மின்னதிர்ச்சி தரும் ஐசிடி கருவி இருந்தால் அதிர்ச்சி தராதபடி முன்பே அணைக்க வேண்டும். இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்னும் டிஎன்ஆர் தாள் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதற்கு மாதிரி இருக்கிறது. அது இல்லாமல் போனால் இரவு இரண்டு மணிக்குப் பயிற்சி மருத்துவர் ஓடி வந்து நெஞ்சை அழுத்துவார்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். சில நிமிடமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். இதை முன்பே சொல்லாவிட்டால், மறுநாளும் மூச்சு இருக்கும்போது "தப்பா எடுத்துட்டாங்க" என்ற சந்தேகம் வரும். அந்த நாள்களுக்கு ஐசியுவுக்கு வெளியே ஒரு வலிதணிப்புக் கட்டில் வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வென்டிலேட்டர் நாளைப் போலவே இந்த நாளுக்கும் ஒரு தொகுப்பு இருக்க வேண்டும்.

வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்பவர்களுக்கும் வழி செய்யலாம். ஆம்புலன்சில் ஒரு செவிலியர், அளவு கணக்கிட்டு ஊசியில் ஏற்றி வைத்த மருந்து, பாதையின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு ஆக்சிஜன், வீட்டில் ட்யூபை எடுக்க ஒரு மருத்துவர், அடுத்த நாள் எட்டிப்பார்க்க மக்களைத் தேடி மருத்துவத்தின் வலிதணிப்புச் செவிலியர். இறப்பைச் சான்றளிப்பது யார் என்பதையும் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மருத்துவமனையிலேயே என்றால் பால் ஊற்ற இடம் கொடுங்கள். ஸ்பூனால் ஊற்றினால் புரை ஏறும். பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. துளசித் தீர்த்தத்துக்கும் ஜம்ஜம் தண்ணீருக்கும் அதே பஞ்சு. நோயில் பூசுதலுக்குப் பாதிரியார் வரவும், கட்டிலைக் கிப்லா (மக்கா) பக்கம் திருப்பவும் சிறப்பு அனுமதி கேட்க வைக்காதீர்கள்.

மார்ஃபின் இல்லாத ஐசியுவில் மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும். வென்டிலேட்டர் வைத்திருக்கும் எந்த மருத்துவமனைக்கும் அந்த அங்கீகாரம் கட்டாயம் என்று ஆக்குங்கள்.

மூளைச்சாவில் ஒரு விநோதம் இருக்கிறது. 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளித்த பிறகு குடும்பம் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தால் அவர் இறந்தவர், அரசு மரியாதை உண்டு. சம்மதிக்காவிட்டால் மறுபடி இயந்திரத்தில் 'உயிரோடு' கிடக்கிறார். காரணம், 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை இறப்பாக ஏற்கிறது, 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதைத்தான் இறப்பு என்கிறது. கேரளம் 2020இல் தானத்தோடு முடிச்சுப் போடாமல் மூளைச்சாவைச் சான்றளிக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. நாமும் செய்ய வேண்டும். தானத்துக்கு மறுத்த குடும்பத்துக்கு அது தண்டனையாக அமையக் கூடாது.

சாலை விபத்தும் விஷமும் 'ஏஆர்' (விபத்துப் பதிவேடு) போட்ட வழக்குகள் என்பதால் அங்கே யாரும் விலக்கத் துணிவதில்லை. இரு குழுக்களும் ஒப்பினால் இவற்றிலும் விலக்கலாம், ஆனால் காவல் நிலையத்துக்குத் தகவலும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம் என்று உள்துறையோடு சேர்ந்து ஒரு விளக்கம் வெளியிடுங்கள். இறப்புக் காரணச் சான்றில் மூல நோயைத்தான் எழுத வேண்டும், 'வென்டிலேட்டர் விலக்கல்' என்று அல்ல என்பதும் அதில் இருக்கட்டும்.

சிகிச்சை பற்றிய உயில் எழுத விரும்புவோர் பலர். இரண்டு சாட்சிகள், நோட்டரியோ பச்சை மையில் கையெழுத்திடும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ ஒருவர், தம் சார்பில் முடிவு சொல்லப் பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினர் ஒருவரோ பலரோ பெயர். 2023 தீர்ப்பு கேட்பது இவ்வளவுதான். சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டியதில்லை. ஒரு படியை உள்ளாட்சியில் ஒப்படைக்க வேண்டும். அங்கே அதை வாங்கிப் பாதுகாக்கும் அலுவலர் யார் என்பதை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஒவ்வொன்றிலும் பெயர்ப்பலகையில் எழுதுங்கள். ஐசியுவிலிருந்து கேட்டால் இரவிலும் அந்தப் படி கிடைக்க வேண்டும். பீரோவில் பூட்டிய உயில் காரியம் முடிந்த பிறகுதான் வெளியே வரும்.

காலவரம்பு உரையாடல் பக்கம், இரு குழுக்களின் கருத்துப் படிவம், நடுவருக்கான தகவல் தாள், விலக்கலின்போது செவிலியர் நிரப்பும் மருந்து அட்டவணை ஆகிய நான்கையும் தமிழில் எழுதித் தர நாங்கள் அணியமாக இருக்கிறோம். துறையிலிருந்து ஒரு பொறுப்பு அலுவலரின் பெயரைச் சொன்னால் அவரிடம் ஒப்படைக்கிறோம். மாவட்டப் பட்டியல் தயாராகும் வரை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மட்டுமாவது நடைமுறையைத் தொடங்கலாம். இரு குழுக்களுக்கும் வேண்டிய ஆட்கள் அங்கே ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சை, மயக்கவியல், வலிதணிப்புப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்களும் செவிலியர்களும்